ஓவியர் வாழ்க்கை வரலாற்றுக்குப் படம் தேர்ந்தெடுத்துக் குடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டு ஒத்துக்கோங்க

எங்க மாஸ்டரோட வாழ்க்கை வரலாற்றை எழுதினவர் என்னோட காலேஜ்ல படிச்சவர். "படமெல்லாம் நீ பாத்துக்கோ, அவர் வேலை உனக்குத் தெரியாததா"ன்னு போன்ல கேட்டாரு. நானும் பெயின்டர் தானே, ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிஞ்சிடும்னு சரின்னுட்டேன். பதினாலு மாசம் ஆச்சு. அதுல எனக்குத் தெரிஞ்ச வேலை, அதாவது படம் பாத்து நல்லாருக்கு இல்லைன்னு சொல்றது, மொத்தமா பத்து நாள் கூட இருக்காது, மிச்சமெல்லாம் லெட்டர், கையெழுத்து, ரயில் டிக்கெட், பிரஸ்காரரோட சண்டை. முதல் தடவை இந்த வேலைக்குப் போறவங்க நான் விழுந்த குழியில விழக்கூடாதுன்னு தான் எழுதறேன்.

1. படத்தைத் தொடறதுக்கு முன்னாடி மேனுஸ்கிரிப்ட்டும் ஃபாரம் கணக்கும்

முதல்ல முழு எழுத்தையும் வாங்கிப் படிங்க, அத்தியாயத் தலைப்பு மட்டும் அனுப்பறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. நான் மேனுஸ்கிரிப்ட் பாக்காமயே எனக்குப் பிடிச்ச அறுபது படத்தை எடுத்து வெச்சேன், படிச்சுப் பாத்தா நூலாசிரியர் நாலு பக்கம் விவரிக்கற ஒரு சின்ன பேனா கோட்டோவியம் என் லிஸ்ட்லயே இல்லை. வாசகருக்கு அந்தப் பக்கத்துல அந்தப் படம் தான் வேணும், என் ரசனை இல்லை.

அடுத்து பதிப்பாளர்கிட்ட ஒரே கேள்வி: எத்தனை பக்கம் கலர்? "பாத்துக்கலாம்"னு சொல்லுவாங்க, விடாதீங்க. புத்தகம் 16 பக்க ஃபாரமா, அதாவது ஒரே ஷீட்டுல அடிச்சு மடிக்கற கட்டா அச்சாகுது. கலரை நடுவுல ஒரே ஃபாரமா ஆர்ட் பேப்பர்ல (வழவழப்பான தாள்) போடலாம், இல்லன்னா எழுத்தோடயே கலந்து போடலாம். கலந்து போடறதா இருந்தா ஒரு வித்தை இருக்கு, எனக்கு இது ஒரு பைண்டிங்காரர் பேப்பரை மடிச்சுக் காட்டினப்போ தான் புரிஞ்சுது. ஒரு ஷீட்டோட ஒரு பக்கத்துல 1, 4, 5, 8, 9, 12, 13, 16ம் பக்கங்கள் விழும், மறுபக்கத்துல 2, 3, 6, 7, 10, 11, 14, 15. ஒவ்வொரு மைக்கும் ஒரு அச்சு பிளேட்டு வேணும், கலருக்கு நாலு, வெறும் கறுப்புக்கு ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் கலர் அடிச்சா அந்த ஃபாரத்துக்கு அஞ்சு பிளேட்டுல முடிஞ்சிடும், ரெண்டு பக்கமும் கலர்னா எட்டு. அதனால உங்க கலர் படத்தை எல்லாம் ஷீட்டோட ஒரே பக்கத்துல விழற எட்டுப் பக்கத்துக்குள்ள தள்ள முடியுமான்னு லேஅவுட் பண்றவரோட உக்காந்து பாருங்க. ஒரு ஏ4 தாளை மூணு மடிப்பு மடிச்சு நம்பர் போட்டுப் பாத்தா உங்களுக்கே தெரிஞ்சிடும். பிரஸ்ல மடிக்கற மெஷினைப் பொறுத்து வரிசை மாறலாம், அதனால அவங்க டம்மியை, அதாவது மடிச்சு நம்பர் போட்ட வெத்து மாதிரியை, ஒருமுறை கேட்டு வாங்கிடுங்க.

இதே பேச்சுல உங்க சம்பளமும் பேசிடுங்க. "மாஸ்டருக்காகத் தானே"ன்னு ஆரம்பிச்சு கடைசியில பெட்ரோல் காசு கூட கேக்க முடியாம போயிடும். புத்தகத்துல படத் தேர்வுன்னு உங்க பேர் எங்க வரும்ங்கறதையும் மெயில்ல எழுதி வாங்குங்க.

2. லிஸ்ட்

ஒரு எக்செல் ஷீட் போதும். ஓவியத்தோட பேர், வருஷம், எதுல வரைஞ்சது, சைஸ், இப்ப யார்கிட்ட இருக்கு, உரிமை யார்கிட்ட, போட்டோ இருக்கா, எந்த அத்தியாயம், பர்மிஷன் வந்த தேதி. கடைசி கட்டத்தை காலியா விடுங்க, அது நிறைய நாள் காலியாவே தான் இருக்கும்.

நான் 140ல ஆரம்பிச்சேன், புத்தகத்துல வந்தது 46. கழிக்கறப்போ மூணு விஷயம் தான் பாத்தேன்: எழுத்து இந்தப் படத்தைப் பத்திப் பேசுதா, அவர் கை மாறின இடத்தை இது காட்டுதா, அஞ்சு அங்குல அகலத்துக்குச் சுருக்கினா ஏதாவது மிஞ்சுமா. இந்த மூணாவது தான் பெயின்டர்களான நமக்கு உறைக்காது. ஆறடி கேன்வாஸ் முன்னாடி நின்னு பாத்த ஞாபகத்துல தேர்ந்தெடுப்போம், பக்கத்துல அது தீப்பெட்டி லேபிள் மாதிரி ஆயிடும். எல்லாப் படத்தையும் புத்தக சைஸ்ல சாதா பிரிண்டர்ல எடுத்து சுவத்துல ஒட்டி ஒரு வாரம் விடுங்க. பெரிய நேர்த்தியான அப்ஸ்ட்ராக்ட் நாலு எனக்கு அப்படித்தான் செத்துப் போச்சு, ஆனா யாரும் மதிக்காத சின்ன மை டிராயிங் எல்லாம் நிமிர்ந்து நின்னுது. கோட்டோவியம் மேப்லித்தோ பேப்பர்லயே (எழுத்து அச்சடிக்கற சாதா தாள்) கறுப்பு மைல அழகா வரும், ஆர்ட் பேப்பர் செலவும் இல்லை.

உங்களுக்குன்னு ஒரு ஓவியம் அவர் குடுத்திருந்தா அதை லிஸ்ட்ல சேக்காதீங்க, சேத்தா முதல்லயே சொல்லிடுங்க. புத்தகத்துல வந்த ஓவியத்துக்கு விலை ஏறும்ங்கறது எல்லாருக்கும் தெரியும். அதனாலயே சிலர் தாங்களா போன் பண்ணி "எங்கிட்ட ஒண்ணு இருக்கு, போட்டுக்கோங்க"ம்பாங்க. எனக்கு அப்படி வந்த ஒண்ணுல கையெழுத்தே சரியில்லை, மாஸ்டர் தமிழ்ல போடற கையெழுத்துல 'ரா'வோட காலை எப்பவும் கேன்வாஸ் ஓரம் வரைக்கும் இழுத்துடுவாரு, இதுல குட்டியா நின்னுடுச்சு. போலின்னு எழுத்துல எங்கயும் சொல்லாதீங்க, வம்பு வரும். "இடமில்லைங்க"ன்னு சொல்லிட்டு நகந்துடுங்க.

3. கேன்வாஸ் வெச்சிருக்கவர் வேற, உரிமை வெச்சிருக்கவர் வேற

இந்த ஒரு தலைப்பை மட்டும் படிச்சாலும் போதும். கும்பகோணத்துல ஒரு அம்மா வீட்டுல மாஸ்டரோட கிணத்தடி ஓவியம் இருக்கு, சாயந்தரம், கிணத்துக்குள்ள மட்டும் அல்ட்ராமரைன் நீலம், சுத்தி எல்லாம் மண் நிறம். என் லிஸ்ட்ல நம்பர் ஒண்ணு அது தான். அந்தம்மா காபி குடுத்து "தாராளமா போட்டுக்கோங்க"ன்னு லெட்டரும் எழுதிக் குடுத்தாங்க. நான் பர்மிஷன் வந்தாச்சுன்னு தேதி போட்டுட்டேன். ஆறு மாசம் கழிச்சு பதிப்பாளரோட வக்கீல் பாத்துட்டு, "இவங்க காசு குடுத்து வாங்கினது கேன்வாஸ், அச்சடிக்கற உரிமை இல்லையே"ன்னாரு. அப்படி வாங்கின பதினேழு லெட்டரும் பாதி லெட்டர் தான்.

சட்டப்படி ஓவியத்தை வித்தாலும் காப்பிரைட் ஓவியர்கிட்டயே தான் இருக்கும், எழுத்துல மாத்திக் குடுத்தா தவிர. அவர் இறந்தா வாரிசுகளுக்கு. காலம் எவ்வளவுன்னா, இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியில இருந்து 60 வருஷம். ரவி வர்மா 1906ல இறந்தாரு, அம்ரிதா ஷெர்கில் 1941ல, அவங்க ஓவியங்களுக்குக் காப்பிரைட் முடிஞ்சாச்சு. ஜாமினி ராய் 1972, அதனால 2032 முடியற வரைக்கும் இருக்கு. கே.சி.எஸ். பணிக்கர் 1977, 2037 வரைக்கும். ஆதிமூலம் 2008, 2068 வரைக்கும். "பழைய படம் தானே"ங்கற பேச்சே கூடாது, வரைஞ்ச வருஷத்தை விட்டுட்டு இறந்த வருஷத்தைப் பாருங்க.

சில விதிவிலக்கு இருக்கு, இதுல தான் ரொம்ப பேர் குழம்பறாங்க:

ஒருத்தர் காசு குடுத்துத் தன் அப்பாவை வரையச் சொல்லி வாங்கின போர்ட்ரெய்ட்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல முதல் உரிமை வரையச் சொன்னவருக்கு. அதாவது இங்க மட்டும் கேன்வாஸ்காரர் லெட்டர் முழு லெட்டர் ஆகலாம்.

மாஸ்டர் ஒரு வாரப் பத்திரிகையில வேலை பாத்தப்போ கதைகளுக்குப் போட்ட படங்கள், அதுல பத்திரிகைல வெளியிடற உரிமை முதலாளிக்கு, மத்த உரிமை ஒப்பந்தம் வேற மாதிரி இல்லன்னா ஓவியருக்கே. அந்தக் காலத்து ஒப்பந்தத்தை யாரும் வெச்சிருக்க மாட்டாங்க, அதனால நான் ரெண்டு பேர்கிட்டயும் லெட்டர் வாங்கினேன்.

பொது இடத்துல நிரந்தரமா இருக்கற சிற்பத்தை போட்டோ எடுத்துப் போடலாம், மெரினாவுல ராய் சௌத்ரி பண்ணின உழைப்பாளர் சிலை மாதிரி. ஆனா பொதுச் சுவத்துல வரைஞ்ச ஓவியத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. நான் ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்.

வெளிநாட்டு ஓவியம் ஒப்பிட்டுக் காட்ட வேணும்னா, நூலாசிரியர் வான்கோ தாக்கம்னு ஒரு அத்தியாயமே எழுதியிருந்தாரு, நியூயார்க்ல இருக்கற மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017ல இருந்து காப்பிரைட் முடிஞ்ச படங்களோட பெரிய ஃபைலை இலவசமா எடுத்துக்க விடறாங்க, வான்கோவோட சைப்ரஸ் மரங்கள் இருக்கற கோதுமை வயல் அங்க இருந்து தான் எடுத்தேன். லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் ஃபைல் வியாபாரம் இல்லாத உபயோகத்துக்கு மட்டும், விக்கற புத்தகத்துக்குத் தனியா அனுமதி கேக்கணும். பிக்காசோ இறந்தது 1973, 2033 முடியற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க.

இப்ப வாரிசு. உயில் இல்லன்னா மனைவி, பசங்க, பொண்ணுங்க எல்லாருக்கும் உரிமை உண்டு, பெரியவர் ஒருத்தர் கையெழுத்து போதாது. தாசில்தார் ஆபீஸ்ல வாங்கின வாரிசு சான்றிதழ் காப்பி கேளுங்க, பென்ஷனுக்காகவோ பேங்குக்காகவோ பெரும்பாலும் ஏற்கனவே வாங்கி வெச்சிருப்பாங்க. அதுல இருக்கற எல்லாப் பேரும் லெட்டர்ல இருக்கணும். மாஸ்டர் வீட்டுல நாலு பேர், அம்மா, ரெண்டு பையன், கனடாவுல ஒரு பொண்ணு. அண்ணன் தம்பி பேசிக்கறதில்லை. நான் அம்மாகிட்ட மட்டும் போய் உக்காந்தேன், "நீங்க சொன்னா கேப்பாங்கம்மா"ன்னு. அவங்க தான் நாலு கையெழுத்தையும் வாங்கிக் குடுத்தாங்க, நாலு மாசம் ஆச்சு.

4. லெட்டர்ல என்ன எழுதணும்

எந்த ஓவியம்னு பேரோட லிஸ்ட் இணைப்பா. எந்தப் புத்தகம், எத்தனை காப்பி, எந்த மொழி. அப்புறம் இந்த ரெண்டு வரி இல்லாம எந்த லெட்டரையும் வாங்காதீங்க: எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு. வருஷம் போடலைன்னா சட்டம் அதை அஞ்சு வருஷம்னு எடுத்துக்கும், நாடு போடலைன்னா இந்தியா மட்டும். ஆறாவது வருஷம் மறுபதிப்பு போட்டாலோ, கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் கட்டு அனுப்பினாலோ அப்ப தான் தெரியும்.

அட்டைப் படம் தனி. மின்னூல் தனி. புத்தக வெளியீட்டுக்கு பேனர், காலண்டர் எல்லாம் தனி. உள்பக்கத்துக்குக் குடுத்த அனுமதியை வெச்சு அட்டையில போட்டுட்டு அப்புறம் குடும்பத்தோட மனஸ்தாபம் ஆனதை நான் வேற புத்தகத்துல பாத்திருக்கேன். ஓவியத்தை வெட்டறது, மேல எழுத்து ஏத்தறது, கலர் மாத்தறது எல்லாம் ஓவியரோட பேருக்குக் கெடுதலா இருந்தா வாரிசுங்க ஆட்சேபிக்க முடியும், உரிமையை வித்திருந்தாலும் கூட. ஒரு பகுதியை மட்டும் போட்டா கீழ 'பகுதி'ன்னு போடுங்க.

கேன்வாஸ்காரர்கிட்டயும் ஒரு லெட்டர் வேணும், வீட்டுக்குள்ள வந்து போட்டோ எடுக்க, பேர் போடலாமா வேண்டாமான்னு. பாதிப் பேர் பேர் வேண்டாம்பாங்க, 'தனியார் தொகுப்பு'ன்னு போட்டுடலாம். கேக்காம ஊரோட பேரைப் போட்டுடாதீங்க, வீட்டுல என்ன இருக்குன்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடும்.

அரசு மியூசியம், அகாடமி மாதிரி இடங்கள்ல இருந்தா பதிப்பாளரோட லெட்டர்ஹெட்ல தான் கேக்கணும், தனி ஆளா போனா ரிசெப்ஷனோட நின்னுடும். காப்பிரைட் முடிஞ்ச படமா இருந்தாலும் உள்ள விடறதும் ஃபைல் குடுக்கறதும் அவங்க இஷ்டம், அவங்க கட்டணம். ஒரு இடத்துல என் லெட்டரே தொலைஞ்சு போய் மறுபடி குடுத்தேன், அதனால வாங்கிக்கிட்டோம்னு இன்வர்ட் சீல் போட்ட காப்பி கையில இல்லாம வெளிய வராதீங்க.

5. போட்டோ

ஓவியத்தை ஸ்டூடியோவுக்குத் தூக்கிட்டு வராதீங்க. கேமரா தான் ஓவியத்துகிட்ட போகணும். கல்யாண போட்டோகிராபர் வேண்டாம், அவங்க கை தன்னால பளபளப்பு ஏத்திடும்.

நம்ம போட்டோகிராபருக்கு நாங்க பழகிக்கிட்ட முறை: சன்னல் எல்லாம் மூடி, ட்யூப்லைட் அணைச்சு, ரெண்டு பக்கமும் 45 டிகிரில ஒரே மாதிரி லைட். கேமரா கேன்வாஸுக்கு நேரா நிக்குதான்னு பாக்க ஒரு சின்ன முகம் பாக்கற கண்ணாடியை கேன்வாஸ் நடுவுல லேசா, தொடாத அளவுக்கு ஒட்டிப் பிடிப்போம், வியூஃபைண்டர் நடுவுல லென்ஸே தெரிஞ்சா நேரா இருக்குன்னு அர்த்தம். வார்னிஷ் மினுக்கினா லைட்டுக்கும் லென்ஸுக்கும் போலரைசர், அதாவது மினுக்கத்தை வெட்டற ஃபில்டர். கேமராவுக்குப் பின்னாடி ஒரு ஆள் கறுப்புத் துணி பிடிச்சிட்டு நிக்கணும், அது நான் தான். முதல் ஷாட்ல கலர் சார்ட்டை ஓவியத்து பக்கத்துல வெச்சு எடுக்கணும், லைட் மாறினா மறுபடி. ரா ஃபைல் (கேமரா சுருக்காம அப்படியே பதிஞ்சது) கேட்டு வாங்குங்க, அச்சுக்கு ஏத்த டிஃப் ஃபைலா ஆக்கி வெச்சுக்கோங்க.

கிணத்தடி ஓவியத்துக்கு முதல் தடவை இதெல்லாம் தெரியாம பதிப்பாளர் அனுப்பின ஒருத்தர் ஃபிளாஷ் போட்டு எடுத்துட்டாரு. கிணத்துக்குள்ள ஒரு வெள்ளைப் பொட்டு, நிலா விழுந்த மாதிரி. ரெண்டு பேர் அதை அழகா இருக்கேன்னு வேற சொன்னாங்க. மறுபடி கும்பகோணம் போய் எடுத்தோம்.

கணக்கு சுலபம்: அச்சாகற அங்குலத்தை 300ஆல பெருக்குங்க. டெமி ஒன் பை எய்ட்ங்கற புத்தக சைஸ்ல முழுப் பக்கம்னா 5.5க்கு 8.5 அங்குலம், அப்ப 1650க்கு 2550 பிக்சல் குறைஞ்சபட்சம். வாட்ஸாப்ல போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்லன்னா டிரைவ்.

பழைய கேட்டலாக்ல இருந்து ஸ்கேன் பண்றது வேற வழியே இல்லன்னா மட்டும். அச்சான புள்ளி மேல மறுபடி புள்ளி விழுந்தா வலை வலையா கோடு வரும். சின்னதா போடுங்க, அந்த கேட்டலாக் போட்டோ எடுத்தவர் பேரையும் தேடுங்க.

6. படத்துக்குக் கீழ வர்ற வரி

பேர், வருஷம், ஊடகம், சைஸ், தொகுப்பு, போட்டோ எடுத்தவர். சைஸ்ல உயரம் முதல்ல, அகலம் அடுத்து, ஒண்ணு செ.மீ.ன்னா எல்லாம் செ.மீ. வருஷத்துக்கு கேன்வாஸ் பின்பக்கம் பாருங்க, சுவத்துல இருந்து இறக்கறப்போவே அதையும் போன்ல ஒரு கிளிக் எடுத்துடுங்க, பழைய கண்காட்சி லேபிள் எல்லாம் அங்க தான் ஒட்டியிருக்கும். பேரே வெக்காத ஓவியத்துக்கு நீங்களா கவிதையா பேர் வெக்காதீங்க, 'தலைப்பிடாதது' போதும்.

7. ப்ரூஃப்

கம்ப்யூட்டர் ஸ்கிரீனைப் பாத்து ஓகே சொல்லாதீங்க. அதே பேப்பர்ல ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு கேளுங்க, அதை வெயில் நேரா விழாத வாசல் வெளிச்சத்துல, காலைல பத்து மணி வாக்குல பாருங்க. பிரஸ் ட்யூப்லைட்டுல பாத்து நான் ஓகே பண்ணின ஒரு மண் நிறம் வெளிய வந்தா பச்சை.

நம்ம பெயின்ட்ல இருக்கற எல்லாக் கலரும் பிரஸ்ஸோட நாலு மைல (சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) வராதுங்கறதை மனசார ஏத்துக்கணும். அடர் நீலம், பளீர் ஆரஞ்சு, தங்க ரேக்கு, மூணும் தோக்கும். கிணத்தடியோட அல்ட்ராமரைன் முதல் ப்ரூஃப்ல கத்திரிக்காய் நிறத்துல வந்துது. திருவல்லிக்கேணி பிரஸ்ல ஆபரேட்டரண்ணன் மெஜந்தாவைக் குறைச்சாரு, ஊதா போச்சு, ஆழமும் போச்சு. மூணு ப்ரூஃப் பாத்தோம். கடைசியில நீலத்தை விட்டுட்டு சுத்தி இருக்கற மண் நிறத்தை ஒரு பொட்டு அடக்கினோம், அப்ப தான் நீலம் கொஞ்சம் நீலமா தெரிஞ்சுது. இது கேன்வாஸ்ல நாம தினம் பண்றது தானே, பிரஸ்ல ஏன் எனக்குத் தோணலைன்னு தெரியலை.

ஓவியத்தை ரெண்டு பக்கத்துக்கு நடுவுல பரப்பறேன்னு லேஅவுட்காரர் சொன்னா, மடிப்புல என்ன விழுதுன்னு பாருங்க. எங்களுக்கு ஒரு முகத்தோட மூக்கு விழ இருந்துது. ஓகே பண்ணின ப்ரூஃப்ல கையெழுத்தும் தேதியும் போட்டு ஒரு காப்பி நீங்க வெச்சுக்கோங்க, அச்சு ஓடற அன்னைக்கு முடிஞ்சா நேர்ல நில்லுங்க.

8. செலவும் காலமும்

எங்களுக்கு ஆனது: போட்டோகிராபர் மூணு நாள் 36,000. லைட் வாடகை 4,500. கும்பகோணம் ரெண்டு தடவை, பாண்டி, பெங்களூர் போக்குவரத்து தங்கல் 14,000. குடும்பத்துக்கு உரிமைத் தொகை 25,000. ப்ரூஃப் 6,400. கூரியர், ஜெராக்ஸ், கட்டணம்னு 2,100. மொத்தம் 88,000. பதிப்பாளர் ஒதுக்கி வெச்சிருந்தது 30,000. அந்த சண்டையை முதல் மாசமே போட்டுடுங்க, பத்தாவது மாசம் போட்டா ரெண்டு பேருக்கும் கோவம் ஜாஸ்தி.

காலம்: படிக்க ஒரு மாசம், லிஸ்ட் ரெண்டு, பர்மிஷன் ஆறு, போட்டோ ரெண்டு, லேஅவுட் ரெண்டு, ப்ரூஃப் ஒண்ணு. ஐப்பசி கார்த்திகையில போட்டோ வெக்காதீங்க, மழைல கரன்ட் போகும், ஓவியம் வெச்சிருக்கவங்களும் அந்த ஈரத்துல ஃபிரேமைக் கழட்ட விட மாட்டாங்க. ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு வரணும்னா பர்மிஷன் வேலையை அதுக்கு முந்தின வருஷம் பொங்கலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாகணும்.

9. காப்பி அனுப்பறது

கையெழுத்து போட்ட ஒவ்வொரு வாரிசுக்கும், ஓவியம் காட்டின ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காப்பின்னு லெட்டர்லயே எழுதியிருப்போம், பதிப்பாளர் மறந்துடுவாரு, அச்சு முடிஞ்ச வாரமே கட்டுல இருந்து எண்ணி எடுத்து வெச்சுடுங்க. கும்பகோணத்து அம்மாவுக்கு நானே கொண்டு போய்க் குடுத்தேன். பக்கத்தைத் திருப்பிக் கண்ணாடி போட்டுப் பாத்தாங்க, எழுந்து போய் சுவத்துல இருக்கறதைப் பாத்தாங்க, திரும்பி வந்து உக்காந்து "உங்க புஸ்தகத்துல கிணத்துல தண்ணி கொஞ்சம் கீழ போயிடுச்சு தம்பி"ன்னாங்க.